கொள்ளும் கோழியும் வைத்த பர்கர்

எனக்கு எழுபத்திரண்டு வயது. நான்கு பிள்ளைகளை வளர்த்தேன். மூன்று பெண்கள், கடைசியாக ஒரு பையன். அவர்கள் அப்பா தறி ஓட்டியவர். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தறிக்குப் பக்கத்திலேயே சாய்ந்துவிட்டார். அப்போது பையன் மூன்றாம் வகுப்பு. அதற்குப் பிறகு பனியன் கம்பெனியில் தைத்த துணியில் குறை பார்க்கிற செக்கிங் வேலைக்குப் போய்த்தான் இத்தனை வயிற்றையும் நிரப்பினேன். எனக்குப் பேர் எழுதத் தெரியும், பஸ் போர்டு படிக்கத் தெரியும். மற்றதை நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். நடுவில் எதையும் அழகுபடுத்தக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

இந்தப் பர்கர் கதை என் பையனைப் பற்றியது. அவனுக்கு மண்ணரையில் சொந்தக் கம்பெனி. வெளிநாட்டு ஆர்டருக்குத் தைத்துக் கொடுக்கிறான். ஆர்டர் பெருகப் பெருக அவன் வயிறும் பெருகியது. ஒருநாள் தைக்க வெட்டிவைத்த பீஸ் கட்டுகளின் மேலேயே மயங்கி விழுந்துவிட்டான். நான் போய்ப் பார்க்கும்போது கண் செருகிக் கிடந்தான். அவன் அப்பா கிடந்த அதே கிடை. 

டாக்டர் சர்க்கரை என்றார், ரத்தக் கொழுப்பு என்றார், இப்படியே போனால் இருதயம் தாங்காது என்றார். அவர் சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை. எனக்குக் கோபம் வந்தது வீட்டில் நடந்த கூத்தைப் பார்த்து. என் மருமகள் நல்ல பிள்ளைதான், ஆனால் பயந்துபோய்விட்டாள். காலையில் ஓட்ஸ் கஞ்சி, மத்தியானம் உப்பில்லாத வேகவைத்த கோசு, ராத்திரிக்கு எண்ணெயே தொடாத சப்பாத்தி.

"ஏம்மா, ஆம்பளைக்கு இது எப்படிப் பத்தும்?"

"அத்தை, கலோரி பாத்துத்தான் சாப்பிடோணுமாமுங்க."

"அதென்ன அது?"

"சாப்பாட்டுல இருக்கிற சக்திங்க. செலவாகாம மிச்சமானா அது கொழுப்பாப் போய் ஒட்டிக்குதாமா."

அது எனக்குப் புரிந்தது. புரியாதது வேறு. இவ்வளவு குறைத்துச் சாப்பிடுகிறவன் ஏன் ஒரு சுற்றுக்கூட இளைக்கவில்லை? தட்டை முகம் சுளிக்காமல் காலி செய்கிறான், "போதுமுங்க" என்று எழுந்துபோகிறான். என் பையனுக்கு அவ்வளவு நல்ல புத்தி எப்போது வந்தது?

பதில் துவைக்கப்போட்ட சட்டையில் இருந்தது. செக்கிங் டேபிளில் நின்ற கண் இது. எந்தக் கறை மிஷின் ஆயில், எந்தக் கறை சாப்பாட்டு எண்ணெய் என்று தொட்டால் சொல்லிவிடுவேன். நெஞ்சுப் பக்கம் வட்டமாக எண்ணெய்க் கறை. பையைத் திருப்பினால் வெள்ளை எள்ளு உதிர்கிறது.

ராத்திரிச் சாப்பாடுவரை பொறுக்கவில்லை. அவன் செருப்பைக் கழற்றும்போதே கேட்டேன்.

"என்றா, சட்டைப் பையில எள்ளு வெதைச்சிருக்கயா?"

செருப்பைச் சுவரோரம் தள்ளினான். பிறகு, "பர்கருங்கம்மா" என்றான். "ரோட்டுல புதுசா ஒரு கடை போட்டிருக்காங்க. வேலை முடிஞ்சு வர்றப்ப ஒண்ணு."

"ஒண்ணா?"

"சில நாளைக்கு ரெண்டுங்க."

மருமகள் அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கு அழுகை வரவில்லை. ரெண்டு பர்கரை முழுங்கி வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, அவள் மணிக்கணக்காக நின்று சமைத்ததையும் முழுங்கிவிட்டு, "போதும்" என்று சொல்லியிருக்கிறான். சாப்பிட்டதைவிட அந்தப் பொய்தான் என்னை எரித்தது.

"வண்டிய எடுறா" என்றேன். "அதுல என்ன இருக்குன்னு நானும் பாக்கறேன்."

கண்ணாடிக் கதவு போட்ட கடை. நான் உட்கார்ந்ததும் பக்கத்து மேஜைப் பிள்ளைகள் என் சுங்குடிச் சேலையைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். பர்கர் வந்தது. நான் கடிக்கவில்லை. தப்பான தையலைப் பிரிக்கிற மாதிரி அடுக்கடுக்காகப் பிரித்தேன். மேலே எள்ளுத் தூவி வெண்ணெய் தடவிய இனிப்புப் பன்னு. அதற்கடியில் வழவழவென்று வெள்ளை மசியல், முட்டையும் எண்ணெயும் அடித்ததாம். சீஸ். எண்ணெயில் மூழ்கி எழுந்த கோழி வடை. அதை அழுத்தினால் விரலில் எண்ணெய் ஓடுகிறது. பச்சையாக ஒரே ஒரு இலை, அதுவும் வாடினது.

திரும்ப அடுக்கி, இரண்டு கையாலும் பிடித்து ஒரு கடி கடித்தேன். நிஜத்தைச் சொல்கிறேன், நன்றாகத்தான் இருந்தது. அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

வரும் வழியெல்லாம் யோசித்தேன். எது அவனை இழுக்கிறது? எண்ணெய் மட்டும் என்றால் போண்டாவே போதுமே. இதைக் கை நிறையப் பிடிக்கிறான். வாயை அகலத் திறக்கிறான். மெத்தென்று போய், மொறுமொறுவென்று கடிபட்டு, புளிப்பாக வழுக்கி, கடைசியில் கறி மெல்லக் கிடைக்கிறது. கோசுத் தட்டில் இதில் ஒன்றாவது உண்டா? வாய்க்கு வேலை கொடுக்காமல் வயிற்றை மட்டும் அடைத்தால் அவன் திருடித்தான் தின்பான்.

மறுநாள் அடுப்படியை நான் எடுத்துக்கொண்டேன்.

பன்னு கட்டாயம் வேண்டும். சப்பாத்தியில் சுருட்டிக் கொடுத்தால் ஏமாற்றுகிறார்கள் என்று நினைப்பான். பேக்கரியில் சொல்லி கோதுமையில் சின்னதாகப் போடச் சொன்னேன். இரண்டாக வெட்டி, உள்ளே இருக்கும் பஞ்சை நோண்டி எடுத்துவிட்டால் மாவு குறையும், குழியில் கறியும் காயும் கூட நிற்கும். தோலும் கொழுப்பும் எடுத்த கோழி நெஞ்சுக்கறியைக் கொத்தி, அதில் பாதிக்கு வெந்த கொள்ளுப் பயறை அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டிச் சேர்த்தேன். சின்ன வெங்காயம், மிளகு, சீரகம், இஞ்சி. கனமான வடையாகத் தட்டி இட்லிச் சட்டியில் ஆவியில் வேகவைத்தேன். பிறகு வெங்காயத்தைப் பாதியாக நறுக்கி எண்ணெயில் தொட்டு, தோசைக்கல்லில் தேய்த்து, வடையை இரண்டு பக்கமும் சிவக்க விட்டேன். அந்த மொறுமொறுப்புக்கு அவ்வளவு எண்ணெய் போதும்.

வெள்ளை மசியலுக்குப் பதிலாக ஆடை எடுத்த தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டேன். தண்ணீர் வடிந்ததும் அதில் கடுகுப் பொடி, பூண்டு, எலுமிச்சை கலந்தேன். பார்க்க அசல் அதே மாதிரி.

அந்தத் துணியில்தான் வந்தது வினை. எங்கள் வீட்டில் துணி என்றால் கம்பெனியில் வெட்டி மிஞ்சுகிற கட்டிங் வேஸ்ட்தான். கை துடைக்க, வண்டி துடைக்க, பாத்திரம் பிடிக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். புதுசாக, வெள்ளை வெளேரென்று ஒரு துண்டைப் பார்த்தேன், தண்ணீரில் ஒரு அலசு அலசிக் கட்டிவிட்டேன்.

பையன் இரண்டு கையாலும் பிடித்தான். கடித்தான். மெல்லுவதை நிறுத்தினான்.

"அம்மா... சாப்ட்னர் வாசம் அடிக்குதுங்க."

துணி மெத்தென்று இருக்கப் போடுகிற மருந்து அது. மருமகள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். என் பேத்தி, இதோ எழுதிக்கொண்டிருக்கிறாளே இவள்தான், விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சாம்பிள் ரிஜெக்டுங்கம்மா" என்றான் அவனும் சிரித்துக்கொண்டே. எழுந்து கையைக் கழுவினான். ஆணியில் மாட்டியிருந்த வண்டிச் சாவியை எடுத்தான்.

நான் வாசற்படியில் போய் நின்றுகொண்டேன்.

"எங்க கெளம்பிட்ட?"

"பசிக்குதுங்கம்மா."

"உங்கப்பன் விழுந்தப்ப நீ மூணாவது படிச்சிட்டிருந்த. உன்ர மக இப்ப ஆறாவது. தாண்டிப் போறதுன்னா என்னையத் தள்ளிப்போட்டுட்டுப் போடா."

 பேத்தியின் சிரிப்பு நின்றுவிட்டது. அவன் என்னைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தான். சாவியை மேஜைமேல் வைத்தான்.

"சாம்பிள் ரிஜெக்ட் பண்ணுனா என்ன குறைன்னு சொல்லோணுமா இல்லையா?" என்றேன். "உன்ர துணிய வாங்குற பையர் சொல்றாங்கல்ல. நீயும் சொல்லு."

முனகிக்கொண்டே சொன்னான். தயிர் வாசம். கறி கொஞ்சம் வறண்டிருக்கு. கடிக்க இன்னும் ஏதாவது வேண்டும். அன்று ராத்திரி அந்தக் கறி வடையை மட்டும் ரசத்தோடு சாப்பிட்டுப் படுத்தான்.

அடுத்த நாள் நைந்த பழைய வேட்டியைக் கிழித்து, கொதிக்கவைத்து, அதில் தயிரைக் கட்டினேன். கறியில் பொடியாக அரிந்த காளானைச் சேர்த்தேன், ஈரம் நின்றது. பச்சைக் கோசு, வெள்ளரி, வட்ட வெங்காயம், தக்காளி எல்லாவற்றையும் உயரமாக அடுக்கினேன். கடைப் பர்கரைவிடப் பெரிதாக நின்றது. தின்னும்போது தயிர் முழங்கைவரை வழிந்தது.  முடித்து, விரலை நக்கி, தட்டில் உதிர்ந்த வெங்காயத்தையும் பொறுக்கித் தின்றான்.

"கடையில மாதிரி இல்லீங்க" என்றான். "ஆனா வயிறு நெறஞ்சிருச்சுங்க."

கடை மாதிரி இல்லையாம்! வாயில் வந்ததை முழுங்கிக்கொண்டேன். அவன் சாவிப் பக்கம் திரும்பவில்லை, அது போதும். பிறகு வாரத்தில் பாதி நாள் அதுதான் அவன் ராத்திரிச் சாப்பாடு. பெல்ட்டை இறுக்க உள்ளே தள்ளிப் புது ஓட்டை போட்டான். சர்க்கரை இறங்கியிருக்கிறது, இப்படியே இருக்கட்டும் என்று டாக்டரும் சொன்னார்.

இப்போது இதை ஏன் எழுதச் சொல்கிறேன் என்றால், போன முகூர்த்தத்தில் பல்லடத்தில் ஒரு கல்யாணம். சொந்தக்காரர்கள் சுற்றி நின்றுகொண்டு எப்படி இளைத்தாய் என்று இவனைக் கேட்கிறார்கள். இவன் சொல்கிறான்: "தெனமும் வாக்கிங் போறனுங்க."

வாக்கிங்! டீக்கடைவரை நடந்துபோய், உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டு, யாராவது வண்டியில் வந்தால் பின்னால் தொற்றிக்கொண்டு வருகிறவன். நானும் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு தடவை என் பக்கம் கை காட்டினானா? வீட்டில் அம்மா செய்து போடுகிறாள் என்று சொன்னால் கிரீடம் இறங்கிவிடுமா? ஆள் நன்றாக இருக்கிறான், அதற்கு முருகனைக் கும்பிட்டுக்கொள்கிறேன். ஆனால் என் அடுப்பில் வெந்ததை இவன் காலில் கொண்டுபோய்க் கட்டினால் நான் விடமாட்டேன்.

அவ்வளவுதான் கண்ணு. எழுதியாச்சா? எங்கே, முதலிலிருந்து படி, நான் கேட்கிறேன். இன்னும் சத்தமாகப் படி அம்மணி, உங்கப்பன் உள் ரூமில்தான் இருக்கிறான்.