ழவுக்கு எட்டு பைட்

மிக்ஸியைப் போடுமுன் சத்தியபாய் டீச்சர் முன்னறையைப் பார்த்து, "போடட்டா?" என்று கேட்டாக வேண்டும். கேட்காமல் போட்டால் கரண்டு ஒரு குதி குதிக்கும். உள்ளே கணவர் ராஜையனின் கம்ப்யூட்டர் அணைந்து எரியும். கேசட்டில் ஏற்றாத வேலை மொத்தமும் போய்விடும். கேட்டாலோ, "இப்பம் வேண்டாம் ஏட்டி" என்று பதில் வரும். தேங்காய்த் துருவல் தட்டில் காயும். நெத்தோலிக் குழம்பு எப்போதுதான் கொதிப்பது?

எண்பத்தேழில் மஸ்கட்டிலிருந்து அவர் கொண்டுவந்த பெட்டி. மற்றவர்கள் தங்கம் கொண்டுவந்தார்கள் என்று டீச்சர் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார்.

அந்தப் பெட்டியில் ஆடுகிற படமும் இசையும் செய்து போட்டிக்கு அனுப்புவது ராஜையனின் கிறுக்கு. உலகமெங்கும் இப்படி ஆட்கள் இருக்கிறார்களாம். எல்லாம் சேர்த்து ஆயிரத்து இருபத்து நாலு பைட்டுக்குள் அடங்க வேண்டும். ஒன்று கூடினாலும் தள்ளிவிடுவார்கள்.

"அதுக்க ஓர்மை அவ்வளவுதான் பாத்துக்க."

"உங்களுக்கு அதுவும் இல்ல. கேஸ் சிலிண்டருக்குப் போன் போடச் சொன்னனே, ஓர்மை இருக்கா?"

இன்று ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். நாலரைக்குக் கூப்பிட்டுக் காட்டினார். பழைய டி.வி.யில் சாய்சாய்வாக மழைக்கோடுகள். கீழே ‘மளைத்துளி’. பக்கத்தில் ஆங்கிலத்தில், எட்டு எழுத்தில் அவர் பெயர். பத்து வருடமாக அனுப்புகிறவர், இதில்தான் முதன்முதலாகப் பெயர் போட்டிருந்தார்.

முப்பத்தோரு வருடம் தமிழ் நடத்திய டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இது என்ன மளை?"

"துளிக்கு வரைஞ்ச ள கெடக்குல்லா, அதையே போட்டேன். இங்கிலீஷ் எழுத்து பெட்டிக்குள்ளயே இருக்கு, ஒண்ணுக்கு ஒரு பைட் போதும். ழ நாம வரையணும். எட்டு பைட். எடமில்ல."

"ழ வராத ஊர்க்காரன் இப்படி எழுதட்டும். நமக்கென்ன கேடு?"

"வெள்ளக்காரனுக்குத் தெரியவா போவுது?"

"எனக்குத் தெரியும்லா. சவத்த அனுப்பாதீங்க."

அடுக்களைக்கு வந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. மிக்ஸியில் ஓர் அமுக்கு, மளை ஒழிந்துவிடும். விரல் பொத்தான்மேல் கிடந்தது. பழக்கதோஷம், "போடட்டா?" என்று வாய் கேட்டுவிட்டது. பதில் இல்லை. போய் எட்டிப் பார்த்தார்.

‘மழைத்துளி’. ழவின் கால் கொஞ்சம் கோணல்தான். பக்கத்தில் அவர் பெயர் இருந்த இடம் கறுப்பாகக் கிடந்தது.

"எட்டு கிட்டிச்சு," என்றார் ராஜையன், திரும்பாமல். "இன்னும் கேசட்டுல ஏத்தல கேட்டியா."

டீச்சர் அடுக்களைக்குத் திரும்பி மிக்ஸியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தேங்காய்த் தட்டை எடுத்துக்கொண்டு கொல்லையில் கிடந்த அம்மிக்குப் போனார்.