மாமா போட்டு வைத்த கோடெக்

“...மத்ததெல்லாம் எடுத்துப் போடுலா, நான் ஒண்ணும் சொல்லல. அவர் போட்டதுல மட்டும் கை வைக்காதே” என்றாள் அத்தை.

சொன்னது சித்தப்பாவிடம், பார்த்தது கணினித் திரையை. அத்தை என் அப்பாவுக்குத் தங்கை. சித்தப்பா அவளுக்கும் இளையவர். ‘அவர்’ என்று அவள் சொன்னது தன் கணவரை, என் மாமாவை. அவர் இறந்துபோய்ச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை முற்பகல். சிங்கப்பூருக்கு வடக்கே, கூலாயில் அத்தை வீடும் எங்கள் வீடும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். தமிழ்ப்பள்ளியில் நாலாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த நான், அத்தையின் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு இந்த வழக்கைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு எரிச்சல். கணினிக்குள் இருக்கும் ஏதோ ஒன்றை நீக்குவதற்கு இவ்வளவு பேச்சா என்று.

மாமாவைப் பற்றிச் சொன்னால்தான் இது விளங்கும்.

மாமா கல்யாண வீடியோ எடுப்பவர். அவர் பிடித்துக்கொண்டு வருவார், அத்தை உட்கார்ந்து வெட்டி ஒட்டுவாள். மாமாவுக்குக் கல்யாண வீட்டில் மிகவும் பிடித்த இடம் சமையல் கட்டு. சாம்பார் அண்டாவைச் சுற்றிச் சுற்றி எடுத்திருப்பார். “எல்லாரும் திங்கிறதையே புடிச்சிட்டு வந்திருக்கீங்களே, தாலி கட்டுறது எங்கே?” என்று அத்தை கேட்பாள். “வரும், வரும். மொதல்ல சாப்பிடட்டும்” என்பார் மாமா.

அந்த மனிதரிடம் ஒரு குணம். வீட்டுக்குள் வந்த எதையும் வெளியே அனுப்ப மாட்டார். சுற்றாத காற்றாடி, காது கிழிந்த பூனை, ஒரு வாரம் தங்க வந்து சிங்கப்பூரில் வேலை கிடைக்கும்வரை இருந்துவிட்ட சிநேகிதனின் சிநேகிதன் என்று எல்லோருக்கும் அங்கே இடம் இருந்தது. அத்தை முணுமுணுத்தால் ஒரே பதில்தான்: “இருக்கட்டும்லா, என்ன கேக்குது, சோறா கேக்குது?” பூனைக்கும் அதே பதில், அந்தச் சிநேகிதனுக்கும் அதே பதில். இரண்டு பேருமே சோறு கேட்டவர்கள்தான் என்பதை மாமா கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

கணினியிலும் அப்படித்தான். இன்றைக்குக் கைப்பேசியில் எந்தப் படத்தைத் தொட்டாலும் ஓடிவிடுகிறது. அந்தக் காலத்தில் அப்படி இல்லை. வீடியோவைச் சுருக்கி மூட்டை கட்டி வைத்திருப்பார்கள். மூட்டையைப் பிரிக்கத் தெரிந்த ஒரு சின்ன மென்பொருள் கணினிக்குள் இருந்தால்தான் படம் தெரியும். அதற்குக் கோடெக் என்று பெயர். ஆளுக்கொரு விதமாக மூட்டை கட்டினார்கள், ஆகவே பிரிக்கவும் ஆளுக்கொரு கோடெக் வேண்டியிருந்தது. பத்து இருபதை ஒன்றாகச் சேர்த்துப் பசார் மாலாமில், அதாவது இராச்சந்தையில், சிடி வட்டில் போட்டு விற்பார்கள். ஒரு படம் ஓடவில்லையென்றால் மாமா அங்கே போய் இன்னொரு வட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். பழையதை எடுக்கவேண்டும் என்பது அவருக்குத் தோன்றாது. வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்களும் பலகாரம் கொண்டுவருவது போல ஆளுக்கொன்று கொண்டுவந்து போட்டார்கள். கொடுப்பவர் மனம் நோகக்கூடாதே, எல்லாம் உள்ளே போயிற்று.

மாமா கடைசியாக ஒன்று போட்டார். ஒரு பழைய நகைச்சுவைப் படம் பார்ப்பதற்காக. படத்தை ஓட்டிக் காட்டும் மென்பொருளும் அதோடு சேர்ந்தே வந்தது. பாதிப் படத்தில் காய்ச்சல் என்று படுத்தவர், ஆஸ்பத்திரிக்குப் போனார், கொசுக் காய்ச்சல் என்றார்கள், திரும்பி வரவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பெரியவர்கள் கூடி அவருடைய சாமான்களைப் பிரித்துக் கொடுத்தார்கள். அத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மோட்டார் சைக்கிள் சித்தப்பாவுக்குப் போனது. சட்டைகள் அப்பாவுக்கு, அப்பாவுக்குத் தோள்பட்டை இறுக்கம், ஆனாலும் போட்டுக்கொண்டார். கணினியின் வயிற்றுக்குள்ளும் மாமாவின் சாமான் இருக்கிறது என்று யாருக்கும் நினைவில்லை.

அதற்குப் பிறகு வந்ததுதான் அந்தக் கல்யாணம். மாமா இருந்தபோதே வீடியோ எடுக்கப் பேசி வைத்தது. பெண்ணின் அம்மா வீடு தேடி வந்து, “அவர் இல்லாட்டி என்ன, நீங்க வாங்க. எங்க வீட்டுக் கல்யாணத்தை நீங்கதான் புடிக்கணும்” என்றார். அத்தை முதல் முறையாகத் தானே கேமராவைத் தோளில் வைத்தாள். முகூர்த்த நேரத்தில் மணவறைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். இப்போதுதான் தாலியைக் கழற்றியவள் தாலி கட்டும் இடத்தில் எதிரே வந்து நிற்கலாமா என்று மண்டபத்தில் முணுமுணுப்பு எழுந்திருக்கிறது. பெண்ணின் அம்மா திரும்பி ஒரு முறை பார்த்தாராம். பேச்சு நின்றுவிட்டதாம்.

வீடியோ நாடாக்களைக் கணினியில் ஏற்றியாயிற்று. வெட்ட உட்கார்ந்தால், வெட்டுகிற மென்பொருளுக்குள் முதல் காட்சியை இழுத்துப் போட்ட உடனே திரை உறைந்துவிடும். அப்புறம் ஒரு சின்னக் கட்டம் வந்து மன்னிப்புக் கேட்கும். மூடிவிடும். மறுபடி திறந்தால் மறுபடி மன்னிப்பு. “இவ்வளவு மரியாதையா சாவுற சாமானை நான் பார்த்ததே இல்ல” என்று அத்தை சொன்னாள். முதல் நாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அப்புறம் சிரிக்கவில்லை.

பெண்ணும் மாப்பிள்ளையும் வேலைக்காக நியூசிலாந்து போகிறார்கள். விமானம் வியாழக்கிழமை. பெண்ணின் அம்மா சனிக்கிழமை பழக்கூடையோடு வந்தார். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

“நான் அவசரப்படுத்தலமா. ஆனா எங்க வீட்டுக்காரர் பக்கம் பேச ஆரம்பிச்சிட்டாங்க. அதான், இந்தப் பொம்பளைய நிக்க வச்சதுக்குப் படமும் இல்லாமப் போச்சுன்னு. கையில படம் இருந்தா அத்தனை பேர் வாயையும் நான் அடைச்சிடுவேன். இல்லைன்னா... டேப்பைக் குடுத்துடுங்க. செனாய்ல ஒருத்தர் இருக்காராம்.”

“செவ்வாய்க்கிழமை தர்றேன்க்கா” என்றாள் அத்தை.

அவர் போன பிறகு அப்பா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தார். மாமாவின் கட்டம் போட்ட சட்டை அவர் மேல். அப்பா நல்லவர், ஆனால் ஆறுதல் சொல்ல வராது. “இதெல்லாம் ரெண்டு பேர் சேர்ந்து பண்ற வேலை. விட்டுடு. பேக்டரியில வேலைக்கு நான் சொல்லி வைக்கிறேன், பஸ்ஸு முனையிலேயே நிக்குது” என்றார். அத்தை பழத்தைக் கழுவப் போய்விட்டாள். வெகுநேரம் கழுவினாள்.

மறுநாள்தான் சித்தப்பா வந்தார். பாசிர் கூடாங்கில் ஒரு ரசாயன ஆலையில் ஷிப்ட் வேலை. வேலை முடிந்ததும் தூங்காமல் மாமாவின் மோட்டாரிலேயே நேரே வந்திருந்தார். அந்த மோட்டார்ச் சத்தம் முனையில் கேட்டால் அத்தை இன்னும் வாசலைத் திரும்பிப் பார்ப்பாள்.

சித்தப்பாவுக்குக் கணினி தெரியும் என்று சொல்ல முடியாது. ஆலையில் ஒன்று நின்றுபோனால் எப்படித் தேடுவார்களோ அப்படித் தேடினார். முதலில் ஒன்றுமே போடாமல் மென்பொருளைத் திறந்து வைத்தார், சாகாமல் இருந்தது. ஒரு புகைப்படத்தைப் போட்டார், அப்போதும் சாகவில்லை. பாட்டு மட்டும் போட்டார், பாடியது. கல்யாணக் காட்சியைப் போட்டார். திரை உறைந்தது, கட்டம் வந்து மன்னிப்புக் கேட்டது.

“ஆக, வீடியோ வந்தாத்தான் இவனுக்கு வலிப்பு வருது” என்றார். பிறகு கணினியில் என்னென்ன போட்டு வைத்திருக்கிறது என்று திறந்து பார்த்தார். “அலமாக்! என்னக்கா இது, தைப்பூசக் கூட்டமா?”

“வர்றவங்கல்லாம் போட்டாங்க.”

“மூட்டையைப் பிரிக்க ஒரு ஆள் போதும். இங்க ஒரு காட்சி வந்தா அத்தனை பேரும் பாய்ஞ்சு புடிக்கிறானுங்க. எங்க பிளான்ட்டுல ஒரே வால்வை ரெண்டு பேர் திருகினா என்ன ஆகும் தெரியுமா? பாசிர் கூடாங்கே இருக்காது.” கீழே இறங்கிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். “இது என்ன கண்றாவி? எந்த மடையன் போட்டான் இதை?”

“நீதான் தீபாவளிக்கு வந்தப்ப போட்ட.”

சித்தப்பா அதை ஓசையில்லாமல் முதலில் நீக்கினார். நான் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துச் சிரித்தேன்.

ஒன்றை எடுப்பது, கணினியை அணைத்துப் போடுவது, கல்யாணக் காட்சியை இழுத்துப் பார்ப்பது. மறுபடி அடுத்ததை எடுப்பது. அப்படியே வெயில் ஏறிவிட்டது. எடுக்க எடுக்கக் கொஞ்சம் தேறியது. முன்பு உடனே செத்துக்கொண்டிருந்தது, இப்போது மாப்பிள்ளை அழைப்பு வரைக்கும் உயிரோடு இருந்தது. ஆனாலும் செத்தது. கடைசியில் மிஞ்சியது ஒன்றுதான். மாமா போட்டது.

அப்போதுதான் அத்தை அதைச் சொன்னாள். அதில் மட்டும் கை வைக்காதே என்று.

சித்தப்பா கணினிச் சுட்டியிலிருந்து கையை எடுத்தார். “அக்கா, இதுதான்கா ஆளு. இது இருக்கிற வரைக்கும் வெட்ட முடியாது.”

“வேற வழி பாரு.”

“இருந்தா பார்க்க மாட்டேனா?”

“அவர் மோட்டாரை நீ எடுத்துக்கிட்ட. சட்டையை அண்ணன் போட்டுக்கிட்டுத் திரியிறாரு. நான் ஏதாச்சும் கேட்டேனா?”

மோட்டார்ச் சாவியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்த சித்தப்பா, அதை மெல்லச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். “இதை எடுத்தா அவரு சேர்த்து வச்ச படமெல்லாம் இதுல ஓடாது. அதையும் சொல்லிடறேன்” என்றார்.

அத்தை எழுந்தாள். “நீ ஒண்ணும் சாப்பிடல. போய் ரொட்டி சானாய் கட்டிக்கிட்டு வா. பாப்பாவுக்கும் சேர்த்து” என்றாள். சித்தப்பா நடந்தே போனார்.

அவர் தலை மறைந்ததும் அத்தை ஒரு காரியம் செய்தாள். வெட்டும் வேலைக்கு அவள் உட்காருவது முதுகில்லாத சின்ன முக்காலி. அதைத் தள்ளிவிட்டு, மாமா உட்காரும் பிரம்பு நாற்காலியை மூலையிலிருந்து இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அதன்மேல் மடித்து வைத்திருந்த துணிகளை என் பக்கத்தில் கட்டிலில் வைத்தாள். மாமாவின் அந்தக் கடைசிப் படத்தைத் திறந்தாள்.

படம் தொடக்கத்திலிருந்து வரவில்லை. அவர் நிறுத்திய இடத்தை அது நினைவில் வைத்திருந்தது. மாமியார் வீட்டு அலமாரிக்குள் ஒளிந்துகொண்டிருந்த ஒருவன், மூக்கைப் பிடித்துக்கொண்டு தும்மலை அடக்கிக்கொண்டிருந்தான். மாமா காய்ச்சலில் படுத்த நாளிலிருந்து அவன் அப்படியே அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறான். இப்போது தும்மினான். அலமாரிக் கதவு திறந்து மாமியாரின் காலடியில் உருண்டு விழுந்தான்.

அத்தை சிரித்தாள். சத்தமாக, தொடையில் தட்டி. மாமாதான் அப்படிச் சிரிப்பார். அத்தை எப்போதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பவள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை கொடுக்க வேண்டும், செனாய்க்காரரிடம் நாடா போய்விடும், அத்தை பேக்டரி பஸ்ஸில் ஏறப்போகிறாள், இவள் என்னடாவென்றால் உட்கார்ந்து படம் பார்க்கிறாள்! “அத்தை, கல்யாணம்” என்றேன். “இரும்மா” என்றாள், திரும்பாமல்.

சித்தப்பா பொட்டலங்களோடு திரும்பி வந்தார். அறை வாசலில் நின்றார். உள்ளே வருவார், இவளைக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கதவில் சாய்ந்தபடி, ரொட்டி ஆறிப்போக, கடைசிவரை அங்கேயே நின்று படம் பார்த்தார். எல்லோரும் சேர்ந்து நிற்கிற காட்சியோடு படம் முடிந்தது. பெயர்கள் ஓடின. பெயர்கள் ஓடி முடியும்வரை யாரும் அசையவில்லை. பெரியவர்களுக்கு ஒரு வேலையும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

“எங்க அழுத்தணும்?” என்றாள் அத்தை.

சித்தப்பா தூரத்திலிருந்தே சொன்னார். அத்தை தானே தேடி, தானே அழுத்தினாள். நீக்கும் முன்பு அது ஒரு கேள்வி கேட்டது. அத்தை ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். இதுவரை பயன்படுத்தியவர் செய்து வைத்த அமைப்புகளை மட்டும் வைத்துக்கொள்ளவா என்பது அதன் பொருள்.

“என்னடா இது?”

“ஒண்ணுமில்லக்கா. எங்க நிறுத்தினாரு, சத்தம் எவ்வளவு வச்சிருந்தாரு, எழுத்து எவ்வளவு பெருசு, அந்த மாதிரி. ஆளே போனப்புறம் அது எதுக்கு? வெறும் குப்பை. ‘நோ’ன்னு அழுத்து.”

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று சித்தப்பாவுக்கு உறைத்திருக்க வேண்டும். பொட்டலத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

அத்தை ‘யெஸ்’ஸை அழுத்தினாள்.

“அத்தை, மாத்தி அழுத்திட்டீங்க!” என்று கட்டிலிலிருந்து கத்தினேன்.

அவள் என்னைத் திருத்தவில்லை. கணினி அணைந்து மறுபடி எழும்வரை காத்திருந்தாள். மூக்குக் கண்ணாடியை முந்தானையால் துடைத்து மாட்டிக்கொண்டாள். பிறகு, முக்காலிக்கு மாறாமல், அந்தப் பிரம்பு நாற்காலியையே இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துக்கொண்டு, கல்யாணத்தின் முதல் காட்சியைத் திரையில் இழுத்துப் போட்டாள்.