விளையாட்டுச் சாமானும் கட்டுநாயக்கத் தராசும்

விமான டிக்கட் விற்கிற தொழிலில் டிக்கட்டைப் பற்றி யாரும் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. கவலையெல்லாம் பையைப் பற்றித்தான். கண்டியில் ஒரு சின்ன டிரவல்ஸில் வேலை பார்த்தேன். எங்களிடம் அதிகம் வந்தவர்கள் இந்தியாவுக்குப் போட்டிகளுக்குப் போகிற விளையாட்டுக் குழுக்கள். அவர்கள் கொண்டுபோகிற சாமான் எல்லாமே பாரம். மேலதிகக் கட்டணம் கட்ட யாருக்கும் வசதி கிடையாது. வேனில் கட்டுநாயக்க விமான நிலையம்வரை கூடப்போய் அவர்களை ஏற்றிவிடுவது என் பொறுப்பு. தராசு காட்டுகிற எண்ணைப் பார்த்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நீங்கள் என் ஆள்.

இரண்டு ஸ்வெட்டர்

மூத்தோர் கிரிக்கெட் குழு ஒன்று திருச்சிக்குப் புறப்பட்டது. "பாரமானதையெல்லாம் உடம்பில் போட்டுக்கொள்ளுங்கள், உடம்பை யாரும் நிறுப்பதில்லை" என்பது எங்கள் வழக்கமான ஆலோசனை. தொடக்க ஆட்டக்காரர் நடராசா ஐயா, வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்து மனிதர், அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். இரண்டு ஸ்வெட்டர், மேலே கோட், காலில் ஆணி வைத்த சப்பாத்து. கடுகண்ணாவை மலைப்பாதை இறங்கும்வரை சௌகரியமாகத்தான் இருந்தார். கேகாலை தாண்டியதும் வேன் அடுப்பாகிவிட்டது. "கழற்றுங்கள் ஐயா" என்று கெஞ்சினேன். மாட்டேன் என்றார், கழற்றினால் திரும்பப் போட முடியாதாம்.

தராசுக்குப் பக்கத்தில் அவர் முகம் வெளுத்தது. தள்ளுவண்டியைப் பிடித்தவர் அப்படியே சரிந்தார். நெஞ்சு வலியோ என்று பயந்தேன். கோட்டைக் கழற்றினோம், ஸ்வெட்டரை இழுத்தோம், முகத்தில் தண்ணீர் தெளித்தோம். அவர் மனைவிக்குப் போன் பண்ண எனக்குத் தைரியம் வரவில்லை. கடைசியில் கண்ணைத் திறந்தார். எங்கே வலிக்கிறது என்று குனிந்து கேட்டேன். அவர் சொன்னது இது:

"என்னை விடும் பிள்ளை, பை நிறுவையிலை சரியா வந்ததோ?"

ரிஸ்வானின் பெட்டி

சைக்கிள் கொண்டுபோவதை முன்கூட்டியே அறிவித்துவிட்டால், அதைச் சாதாரணப் பையின் எடைக்குள் சேர்த்துக்கொள்வார்கள். இதைச் சொன்னதும், சைக்கிள் போட்டிக்குப் போன கட்டுகஸ்தோட்டை ரிஸ்வான் வேறு பையே கொண்டுவரவில்லை. உடுப்பு, துவாய் எல்லாவற்றையும் சைக்கிள் சட்டகத்தைச் சுற்றிக் கட்டி, அட்டைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தான். எடை சரியாக இருந்தது. பெட்டிதான் சாமானை உள்ளே இழுத்துப்போகிற பட்டியில் ஏறவில்லை. பெரிய சாமானுக்கென்று ஓரமாக இருந்த வேறொரு வாசலைக் காட்டினார்கள். அங்கே இரண்டு பேர், முன்னால் வந்த ஒரு பெட்டியைத் தூக்கிப் போட்ட சத்தம் எங்களுக்குக் கேட்டது. ரிஸ்வான் தன் பெட்டியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டான். விமானத்துக்கு ஆட்களைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். பெட்டியை விடு, விமானம் போய்விடும் என்று பதறினேன்.

"நீங்க பயப்படாதீங்க மிஸ், நானும் இந்த வாசலாலயே போறேன்."

குண்டு

செல்வி நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தோட்டத்துப் பெண். குண்டு எறிதலில் மாகாணத்தில் முதலாவதாக வந்து, முதல் தடவையாக வெளிநாடு போகிறாள். அவளைப் பழக்கிய மாஸ்டர், "கைப்பையை யாரும் நிறுக்க மாட்டாங்க" என்று சொல்லி, அவள் தோள்பையிலேயே இரும்புக் குண்டை வைத்துவிட்டார். எனக்கு அது தெரியாது. யுத்தம் முடிந்து அதிக காலம் ஆகாத நேரம்.

நுழைவாயிலில் பைகளைப் படம் பிடிக்கிற மெஷின் நின்றது. திரையில் கறுப்பாக ஓர் உருண்டை. இது என்ன என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார். செல்வி தமிழில் உள்ளபடியே சொன்னாள்: "குண்டு, சேர்."

அந்த ஒரு தமிழ்ச் சொல் அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பின்னால் நின்றவர்கள் விலகி ஓடினார்கள். சீருடைக்காரர் இருவர் ஓடி வந்து அவளுடைய அடையாள அட்டையைக் கேட்டார்கள். நான் நன்றாகவே சிங்களம் பேசுவேன், ஆனால் அந்த விளையாட்டின் சிங்களப் பெயர் மட்டும் அன்றைக்கு நாக்கில் வரவில்லை. மாஸ்டரோ மற்றப் பிள்ளைகளோடு முன்னமே உள்ளே போயிருந்தார். இவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள், தோட்டத்தில் இவள் அப்பாவுக்கு என்ன சொல்வேன் என்றுதான் என் நினைப்பு ஓடியது.

செல்வி அழவில்லை. வெறுங்கையைக் கழுத்தோடு ஒட்டி வைத்தாள். முழங்காலை மடித்து, உடம்பை முறுக்கி, எறிவது போலச் செய்து காட்டினாள். ஒரு பெண் அதிகாரி, "ஆ, ஸ்போர்ட்ஸ்!" என்றார். மற்றவர்களின் முகமும் இளகியது.

ஆனால் குண்டு கையோடு போக முடியாது, பெரிய பையில் போட்டால் எடை கூடும். அந்தப் பெண் அதிகாரியே எங்களோடு கவுண்டர்வரை வந்தார். குண்டு பெரிய பைக்குள் போனது; எடையைக் குறைக்கச் செல்வியின் சப்பாத்தைக் குழுவில் ஒருத்தி வாங்கிக்கொண்டாள், சோற்றுக்குக் கொண்டுவந்த சம்பல் போத்தலை இன்னொருத்தி. குழுவின் பைகளை ஒன்றாக நிறுக்கும்படி கேட்டேன். சரியாக வந்தது. பை உள்ளே போனதும், அந்த அதிகாரி செல்வியின் தோளில் தட்டித் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்:

"தங்கச்சி, மெடல் எடுத்து வாங்க, ஆனா இங்க குண்டு சொல்ல வேணாம், பந்து சொல்லுங்க."

மேலதிகக் கட்டணம் கட்டாமல் போக வழி இருக்கிறதா என்று இப்போதும் என்னிடம் கேட்கிறார்கள். தாராளமாக இருக்கிறது, ஆனால் அந்த வேனில் என்னை மட்டும் ஏறச் சொல்லாதீர்கள்.