முழங்காலுக்குக் கீழே ஒரு சாய்ந்த கோடு

ரப்பர் தோட்டப் பள்ளியை மூன்றாம் வகுப்போடு விட்டவன் நான். இன்று குருபோங்கில் என் லோரிகள் நிற்கும் இடம் எது என்று யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். யாருக்கும் பயந்த ஆள் இல்லை. அந்த மத்தியானம் மட்டும்தான் பயந்தேன்.

புக்கிட் காத்திலில் பேத்திக்குப் பாலர் பள்ளி பார்த்தது நான். அங்கே பிள்ளைகள் சாயம் பூசுவார்கள், ஆடுவார்கள், எதை விளையாடுவது என்று அவர்களே முடிவு பண்ணுவார்கள். "எப்ப மாமா ஏபிசி படிக்கிறது?" என்றாள் மருமகள். "ஏபிசி படிச்சா நான் லோரி வாங்கினேன்?" என்றேன். மறுநாளே பிள்ளையைச் சேர்த்துவிட்டேன்.

அன்று பள்ளி வேன் இறக்கிவிட்டதும் பேத்தி வாசலிலேயே விறைத்து நின்றாள். கூப்பிட்டேன், பதில் இல்லை. முழங்காலுக்குக் கீழே சிவப்பாய் ஒரு சாய்ந்த கோடு. பிரம்பு விழுந்த தடம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் என் காலில் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

"யாரும்மா அடிச்சா?"

வாயே திறக்கவில்லை. எரியுமோ என்று தொடவும் பயம். மருமகள் வேலையிலிருந்து வருவதற்குள் என்ன பதில் சொல்வது? நான் பார்த்த பள்ளிக்கூடமாச்சே. பிள்ளையைத் தூக்கி லோரியில் உட்கார வைத்துப் பாலர் பள்ளிக்கு ஓட்டினேன்.

அங்கே இன்னும் இரண்டு பிள்ளைகள், அப்பா அம்மா வரக் காத்திருந்தவர்கள், அதே மாதிரி விறைத்து நின்றார்கள். அவர்கள் காலிலும் கோடு.

"டீச்சர், பிள்ளைங்கள என்ன பண்ணீங்க?"

டீச்சர் என் முகத்தைப் பார்த்துப் பதறி, ஈரத் துணியால் பேத்தி காலைத் துடைத்தார். கோடு போய்விட்டது. சாயம்.

"அங்கிள், தாத்தா கித்தா மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தாருன்னு இவதான் எல்லாருக்கும் சொன்னா. அதான் இன்னைக்கு எல்லாரும் மரம். பால் எடுக்கிறவரைக்கும் மரம் பேசக்கூடாதாம், அவ போட்ட சட்டம். எடுக்கிறதுக்குள்ள வேன் வந்துருச்சு லா."

அப்போதுதான் கவனித்தேன். மற்ற இரண்டு பிள்ளைகளின் கால்களிலும் கோடு இடது பக்கம் மேலே தொடங்கி வலது பக்கம் கீழே இறங்கியது. பால் வடிய மரப்பட்டையில் போடுகிற சரியான வெட்டு. தோட்டத்தில் என்னைப் போல் வெட்டின ஆள் இல்லை, எனக்கே அது வெட்டு என்று தெரியவில்லை.

டீச்சர் ஒரு சிரட்டையை என்னிடம் நீட்டினார். விளையாட்டில் அதுதான் மரத்துப் பால் பிடிக்கும் மங்கு. குனிந்து பேத்தி காலடியில் பிடித்து, வாளியில் ஊற்றுகிற மாதிரி கவிழ்த்தேன்.

"ஏன் தாத்தா இவ்ளோ லேட்டு?" என்றாள்.