மூன்றாவது ஆணி

ஒன்பது வருஷமாக அந்தச் சுவரைக் கண்டாலே டாக்ஸி ஓட்டும் சுகதனுக்குப் பற்றிக்கொண்டு வரும். குட்டிக்கானம் வளைவில் பைலி ஆசானின் ஒர்க்ஷாப்புக்குள் நுழைகிறவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். ஆணிகளில் ஜோடி ஜோடியாகப் பழைய பிரேக் பேடுகள். கீழே வெள்ளைப் பெயிண்டில் உடையவன் பெயர். மூன்றாவது ஆணி சுகதனுடையது. உள்பக்கத்துப் பேடு இரும்பு தெரியத் தேய்ந்தது. வெளிப்பக்கத்துப் பேடு புதுசு மாதிரித் தடித்தது.

புதுப் பேடைத் தொடுமுன் பழைய ஜோடியை முகத்துக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார் பைலி. இரண்டும் ஒரே கனமென்றால் குப்பையில் எறிவார். ஏறுமாறாகத் தேய்ந்திருந்தால் ஜோடி சுவருக்குப் போகும்; கல்யாணக் கோஷ்டியே காத்து நின்றாலும் வண்டி அன்றைக்கு வெளியே போகாது. பேடுகளைக் கவ்வுகிற காலிப்பரைக் கழற்றி, அது நகர்கிற 'பின்' என்கிற கம்பி இரண்டையும் கட்டைவிரலால் தள்ளிப் பார்ப்பார். பின் இறுகினால் காலிப்பர் நகராது; பிஸ்டன் பக்கத்துப் பேடு மட்டும் தேயும். "ஒருத்தன் செமக்கறான், இன்னொருத்தன் சும்மா கூட நடக்கறான்" என்பார்.

சுகதன் செய்தது மழைக்காலத்துத் தப்பு. கிறீச் சத்தம் பொறுக்காமல் பின்னுக்குத் தேங்காயெண்ணெய் விட்டான். ரப்பர் உறை உப்பிப் பின் இறுகிவிட்டது. தலைக்கு வைக்கிறதை வண்டிக்கு வைத்தவன் என்று டாக்ஸி ஸ்டாண்டு முழுக்கச் சிரித்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிற சவாரியும் கைவிட்டுப் போயிற்று. ஓணத்துக்கு ஓணம் அந்த ஜோடியைக் கழற்றச் சொல்லி ஆசானைக் கேட்பான்.

"நாம எறங்கறது சுரம்டா, மலையெறக்கம், சமதரை இல்ல. தொங்கட்டும்."

போன செவ்வாய்க்கிழமை நர்ஸ் ஏலியம்மாவின் கார் முண்டக்கயம் இறக்கத்தில் பிரேக் புகைந்து, மண்மேட்டில் மோதி நின்றது. ஆளுக்கு அடியில்லை. காரை கிரேன் கொண்டுவந்தது. ஏலியம்மாவைச் சுகதன் கூட்டிவந்தான். ஏழு மாதம் முன்னால் அந்தக் காருக்குப் பேடு மாற்றியவர் பைலிதான். கழற்றினால் உள்பேடு வெறும் இரும்பு. ஒரு பின்னில் கிரீஸே இல்லை. மறந்திருக்கிறார்.

ஸ்டாண்டுக்காரர்கள் கூடிவிட்டார்கள். "ஆசானே, இதுவும் தேங்காயெண்ணெய்தானோ?" என்றான் ஒருவன். ஒன்பது வருஷமாகச் சேர்த்துவைத்த பேச்சு சுகதனின் நாக்கு நுனியில் நின்றது.

பைலி ஒற்றைக் கண்ணால் அந்த ஜோடியை வெகுநேரம் பார்த்தார். ஏலியம்மாவிடம் போய்ச் சன்னமாக ஏதோ சொன்னார். பிறகு மூன்றாவது ஆணிக்குக் கீழே புது ஆணி ஒன்று அடித்து ஜோடியை மாட்டினார். பிரஷ்ஷைப் பெயிண்டில் முக்கி எடுத்தார்.

பிரஷ்ஷைச் சுகதனிடம் நீட்டினார்.

"எம்பேரை நீ எழுதுடா. பெருசா எழுது."