மில் டீமில் இன்னும் மூன்று வருஷம்

மாப்பிள்ளை சேலத்தில் நூல் மில்லில் வேலை பார்க்கிறார் என்றுதான் தம்மம்பட்டியில் எங்கள் வீட்டுக்குச் சொன்னார்கள். அது பொய்யில்லை. காலையில் சங்கு ஊதினதும் மில்லுக்குள் போவார். மத்தியானம் வரைக்கும் நூல் சுற்றும் பகுதியில் நிற்பார். ஆனால் மில்லில் அவரைச் சேர்த்துக்கொண்டது நூல் சுற்றுவதற்காக இல்லை, சாயங்காலம் மில் மைதானத்தில் புட்பால் ஆடுவதற்காக. அதற்கு ஒரு வருஷ அக்ரிமெண்ட். வருஷம் முடிந்து அதை நீட்டிக் கொடுத்தால் வேலையும் உண்டு, நாங்கள் குடியிருந்த லைன் வீடும் உண்டு. நீட்டாவிட்டால் இரண்டும் போய்விடும்.

கல்யாணத்துக்குப் பிறகுதான் இது எங்கள் அப்பாவுக்குத் தெரிந்தது. கடலைக்காட்டு வேலையை அப்படியே விட்டுவிட்டு, பெட்ரோல் கிடைக்காமல் அப்போது கரியில் ஓடிய பஸ்ஸில் புகை குடித்துக்கொண்டு சேலம் வந்து சேர்ந்தார்.

"ஏம்மா, பந்து ஆடறவருக்கா நான் பொண்ணு குடுத்தேன்?" என்று என்னிடம் கேட்டார்.

கை கழுவிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் திரும்பி, "ஆமாங்க மாமா" என்றார். அதற்குமேல் அப்பாவால் சண்டை போட முடியவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போனார்.

என் வீட்டுக்காரர் திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆள். வீட்டை ஊடு என்பார். 'வாரேன் புள்ள' என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார். எனக்கு அந்தப் பேச்சு முதலில் சிரிப்பாக இருந்தது. ஆறு மாதத்தில் நானும் அப்படியே பேச ஆரம்பித்துவிட்டேன். உயரமானவர் இல்லை. ஒல்லிக் கால். பூட்ஸ் எல்லாம் கிடையாது, கணுக்காலில் துணிக்கட்டு மட்டும் சுற்றிக்கொண்டு ஆடுவார். அந்தத் துணியை அலசி, செம்மண் போகக் கசக்கிக் காயப்போடுவது என் வேலை.

அப்போது சண்டைக் காலம். டீமில் முன்வரிசையில் ஆடிய ஒருவர் பட்டாளத்தில் சேர்ந்து போய்விட, அதுவரை ஓரமாக உட்கார்ந்திருந்த இவருக்கு அந்த இடம் கிடைத்தது. கிடைத்த முதல் ஆட்டத்திலேயே கோல் போட்டார். அடுத்த ஆட்டத்திலும் போட்டார். அப்புறம் அது நிற்கவே இல்லை. தூரத்திலிருந்து உதைத்தால் உள்ளே போனது. முதுகில் பட்ட பந்துகூட ஒருமுறை உள்ளே போனதாம். மைதானத்தின் கோடியில் ஒரு புளியமரம் உண்டு. லைன் வீட்டுப் பெண்கள் அதன் கீழே நின்று பார்ப்போம். எனக்கு ஆட்டம் ஒன்றும் புரியாது. கம்பத்துக்கு நடுவே நிற்கிற ஆளை வாட்ச்மேன் என்றே கொஞ்ச நாள் நினைத்திருந்தேன். ஆனால் கூட்டம் எழுந்து கத்தினால் அது எங்கள் வீட்டுக்காரர் போட்ட கோல் என்று மட்டும் தெரிந்துகொண்டேன்.

கடைவீதியில் எனக்கு மரியாதை கூடிவிட்டது. மளிகைக் கடைக்காரர் நிறுத்துக் கொடுத்த வெல்லத்துக்கு மேலே ஒரு துண்டு உடைத்து வைப்பார். "போன மேட்ச்சு பாத்தேனுங்க" என்பார். நானே கோல் போட்டது போலத் தலையாட்டிவிட்டு வருவேன்.

என் வீட்டுக்காரருக்குத்தான் அதில் முழுச் சந்தோஷம் இல்லை. ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார்: "எனக்கே புரியல புள்ள. எப்படி ஒதைச்சாலும் உள்ள போகுது. போன வருசமும் இதே கால்தான்."

"நல்லதுதானே? அக்ரிமெண்டை நீட்டிருவாங்க" என்றேன்.

நீட்டவில்லை. மில் மேனேஜர் உடனே எழுதிவிடலாம் என்றாராம். டீமின் காரியதரிசிதான் கொஞ்சம் பொறுக்கச் சொன்னாராம். காரியதரிசி மில்லில் கணக்குப் பார்க்கிறவர். வெயிலானாலும் மழையானாலும் கையில் குடை இருக்கும். எல்லோரும் கத்தும்போது அவர் மட்டும் மைதானக் கோட்டுக்கு வெளியே அசையாமல் நின்றுகொண்டிருப்பார். ஒரு கோலுக்காவது கை தட்டி நான் பார்த்ததில்லை. வயிற்றெரிச்சல் பிடித்த மனிதர் என்று முடிவு கட்டிவிட்டேன். அப்போது எனக்கு மசக்கை வேறு. யார்மேலும் சுலபமாகக் கோபம் வரும்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் வரிசையில் நாலு வீடு தள்ளிக் குடியிருந்தவர்கள் காலி செய்துகொண்டு போனார்கள். அந்த வீட்டுக்காரரும் டீமில் ஆடினவர்தான். முழங்கால் பிசகி மறுபடி சரியாகவே இல்லை. அக்ரிமெண்ட் முடிந்தது, அதோடு எல்லாம் முடிந்தது. அவர் மனைவி அண்டாவையும் குடத்தையும் வண்டியில் ஏற்றும்போது நானும் ஒரு கை பிடித்தேன். அந்த அக்கா அழவில்லை. "கால் இருக்கிற வரைக்கும்தான் இந்த ஊடு" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு வரிசையாக மூன்று ஆட்டம் என் வீட்டுக்காரர் கோல் போடவில்லை. பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது, இல்லையென்றால் எதிராளி பாய்ந்து பிடித்துக்கொண்டான். மளிகைக்காரர் "என்னுங்க ஆச்சு?" என்று கேட்டார். போன மாதமே எழுதியிருந்தால் தப்பித்திருக்கலாமே என்று நான் உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஜட்கா வந்து நின்றது. கோயமுத்தூர்ப் பக்கத்துப் பெரிய மில் ஒன்றிலிருந்து ஒருவர், பட்டுக்கரை வேட்டியும் ஒரு கூடை ஆரஞ்சுப் பழமுமாக இறங்கினார். இனிக்க இனிக்கப் பேசினார். அவர்கள் டீமுக்கு வந்தால் சம்பளம் இதைவிட ஒன்றரை மடங்கு, பூட்ஸ் வாங்கித் தருவார்கள், வெளியூர் ஆட்டத்துக்கு ரயிலில் செகண்ட் கிளாஸ். "தம்பி போட்ட கோலப் பத்தித்தான் அங்கெல்லாம் பேச்சுங்க. ஒரு வாரத்துல பதில் சொன்னாப் போதும்" என்றார்.

நான் சமையற்கட்டில் இருந்தபடியே, "எத்தனை வருஷத்துக்குன்னு கேளுங்க" என்றேன்.

அவர் கேட்டார்.

"இப்போதைக்கு ஒரு வருசம். இதே மாதிரி கோல் போட்டா அப்புறம் நீட்டிக்கலாமுங்க."

ஜட்கா போனபிறகு நாங்கள் பழத்தை உரித்துக்கொண்டு உட்கார்ந்தோம். அவருக்கு ஆசை வந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. பூட்ஸ் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

"இதே மாதிரி கோல் போட்டான்னு சொன்னாரே, போடுவீங்களா?" என்று கேட்டேன்.

கையிலிருந்த சுளையின் நாரை உரித்துக்கொண்டே, "தெரியல புள்ள" என்றார்.

"முழங்கால் பிசகினா?"

"அத அப்பப் பாத்துக்கலாம்."

"அந்த அக்கா ஊட்டுலயும் அப்படித்தான் சொல்லியிருப்பாங்க" என்றேன். அவர் பழத்தைக் கீழே வைத்துவிட்டார்.

சேதி எப்படியோ மில்லுக்குப் போய்விட்டது. இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம் காரியதரிசி குடையோடு வந்தார். உட்காரச் சொன்னோம். மோர் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"மூணு வருசத்துக்கு எழுதலாமுன்னு வந்தேன். ஆனா ஒண்ணு சொல்லிப்போடறேன், தம்பி. அடுத்த வருசம் உனக்கு இவ்வளவு கோல் வராது."

எனக்குச் சுருக்கென்றது. வீடு தேடி வந்து இதையா சொல்வார் ஒருவர்? என் வீட்டுக்காரரோ சங்கடப்படாமல், "எனக்கும் அப்படித்தான் தோணுதுங்க" என்றார்.

"முதுகுல பட்டதெல்லாம் வருசா வருசம் கோலாகுமா?" என்றார் காரியதரிசி. "எல்லாரும் கோலத்தான் எண்ணுனாங்க. நான், பந்து வாரதுக்கு முந்தி நீ எங்க நிக்கறேன்னு பாத்தேன். கோல் உளுகாத மேட்ச்சுல நீ எப்படி ஆடறேன்னு பாக்கோணும், அதுக்குத்தான் பொறுக்கச் சொன்னேன். கோல் உளுகலைன்னா சில பேரு ஆத்தரத்துல கண்ட பக்கமெல்லாம் ஒதைப்பானுக. நீ இந்த மூணு மேட்ச்சுலயும் சரியான எடத்துலதான் நின்ன. பக்கத்தாளுக்குப் பந்து குடுத்த. எனக்கு அது போதும். என்ன, ஒரு வாரம் முந்தி வந்திருக்கோணும். கோயமுத்தூர்க்காரரு முந்திக்கிட்டாரு."

"சம்பளம் அவங்க அதிகமாச் சொல்றாங்களேங்க" என்றார் இவர் மெதுவாக.

"அவ்வளவு எங்களால முடியாது. கொஞ்சம் கூட்டலாம். மூணு வருசம் கோல் வந்தாலும் வராட்டியும் சம்பளமும் ஊடும் நிக்கும்."

நான் கதவோரத்தில் நின்றிருந்தேன். பேசலாமா கூடாதா என்று தயங்கினேன். அந்த அக்கா அண்டா தூக்கியது கண்ணிலேயே நின்றது. பேசிவிட்டேன்.

"மூணு வருஷம் கழிச்சு என்னங்க செய்யறது? நூல் சுத்தற வேலையை நாளைக்கே இன்னொருத்தருக்குக் குடுத்துருவீங்க. ஒர்க்‌ஷாப்புல இவரைச் சேத்துக்கிட்டு பிட்டர் வேலை கத்துக்குடுக்கறதா எழுதினா நாங்க இங்கேயே இருக்கோம்."

காரியதரிசி என்னைத் திரும்பிப் பார்த்தார். "அம்மிணி, ஒர்க்‌ஷாப்புல இரும்பு கால்மேல உளுந்தா டீமுக்கு நான் எங்க போறது?"

"ஜாக்கிரதையா இருப்பாருங்க."

"ஆமாங்க, இருப்பேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

அந்த மனிதர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். முன்பல் ஒன்று இல்லை. "மேனேஜர்கிட்டக் கேட்டுப் பாக்கறேன்" என்று சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டார்.

மேனேஜர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லையாம். பந்தாட்டக்காரனைச் சுத்தியல் பிடிக்க வைப்பதா என்று கேட்டாராம். காரியதரிசி எப்படிச் சொல்லி வழிக்குக் கொண்டுவந்தாரோ தெரியாது. அந்த வாரக் கடைசியில் அக்ரிமெண்ட் வந்தது. காலையில் ஒர்க்‌ஷாப், சாயங்காலம் மைதானம், மூன்று வருஷம். அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள் நான்; எழுத்துக்கூட்டி முழுவதையும் வாசித்துக் காட்டினேன். அவர் கையெழுத்துப் போட்டார். கோயமுத்தூர்க்காரருக்கு, மன்னித்துக்கொள்ளச் சொல்லி ஆள் மூலம் சொல்லியனுப்பினோம். பூட்ஸ் போயிற்றே என்று அவர் அன்று முழுக்கக் கொஞ்சம் வாட்டமாக இருந்தார்.

பிரசவத்துக்கு நான் தம்மம்பட்டி போய், பெண் குழந்தையோடு திரும்பி வந்தபோது அடுத்த வருஷ ஆட்டங்கள் ஆரம்பித்திருந்தன. காரியதரிசி சொன்னது சரியாகத்தான் இருந்தது. கோல் பாதிக்கும் கீழே போய்விட்டது. மைதானத்தில் சிலர், "மூணு வருசம் எழுதி வாங்கிக்கிட்டான், இனி எதுக்கு ஓடப்போறான்?" என்று கத்தினார்கள். கடையில் வெல்லம் நிறுத்த அளவோடு வர ஆரம்பித்தது. எனக்கு அழுகையாக வந்தது. ஆனால் அவர் முன்னைவிட நிம்மதியாகத் தூங்கினார். டீம் முன்னைவிட அதிகமாக ஜெயித்தது. இவரைத் தடுக்க இரண்டு பேர் ஓடி வருவார்களாம். இவர் பந்தைத் தள்ளிவிட, பக்கத்தில் இருப்பவர் கோல் போடுவாராம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு புளியமரத்தடியில் நின்று பார்த்ததில் எனக்கும் கொஞ்சம் ஆட்டம் பிடிபட்டது. கூட்டம் கத்தாத இடத்திலும் அவர் என்ன செய்கிறார் என்று பார்க்கத் தெரிந்துகொண்டேன்.

ஒர்க்‌ஷாப்பில் ஆரம்பத்தில் விரல் நகம் கருத்துப்போய் வருவார். பிறகு பழகிவிட்டது. மெஷின் தகராறு செய்தால் சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று ஓரளவு சொல்லும் அளவுக்கு வந்தார். வேட்டியில் செம்மண் கறையோடு எண்ணெய்க் கறையும் சேர்ந்துகொண்டதுதான் எனக்கு லாபம்.

மூன்று வருஷம் எப்போது முடிந்தது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. அரிசிக்கு ரேஷன். ஆத்தூர்ப் பக்கமிருந்து வரும் மரவள்ளிக் கிழங்கைத்தான் பாதி நாள் அவித்துச் சாப்பிடுவோம். அப்படி ஒரு சாயங்காலம் கிழங்கை உரித்துக்கொண்டிருந்தபோது எனக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது.

"ஏனுங்க, உங்க அக்ரிமெண்ட் போன மாசமே முடிஞ்சிருச்சே!"

மைதானத்திலிருந்து அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து யோசித்தார்.

"அட, ஆமா புள்ள. நேத்துக்கூட ஒர்க்‌ஷாப்புல சம்பளம் போட்டாங்களே, யாரும் ஒண்ணும் கேக்கலியே."

"அப்ப எதுக்கு இன்னைக்கு ஆடிட்டு வந்தீங்க?"

"சாயங்காலம் ஆச்சு, போனேன்" என்றார்.

கிழங்குத் தட்டை அவர் பக்கம் தள்ளிவைத்தேன். அதற்குள் குழந்தை ஒரு துண்டை எடுத்து அவர் வாயில் திணித்தது.