ரோஸ் காகிதம் சுற்றிய பெட்டி

எங்கள் தெருவில் ஒருவர் வளைகுடாவிலிருந்து லீவில் வந்தால், அவர் பெட்டியில் பாதி அடுத்த வீட்டுச் சாமான்தான் இருக்கும். கூட வேலை பார்ப்பவர் கொடுத்தனுப்பிய சோப்பு, பால் பவுடர், பிள்ளைக்குப் பொம்மை. முன்பின் தெரியாத ஆள் வாசலில் நின்று "அண்ணன் குடுத்து விட்டாங்க" என்றால் உட்காரவைத்துச் சோறு போடுவோம். அந்தப் படுபாவி இந்த வழக்கத்தைத்தான் பிடித்துக்கொண்டான்.

என் மகள் அப்போது ஆறாம் வகுப்பு. அவள் அத்தா, என் வீட்டுக்காரர், துபாயில். அவரோடு பேசத்தான் வீட்டில் போன். மீதி நேரம் அதில் வீடியோ பார்ப்பாள். அந்த வீடியோ ஆப்புக்குள்ளேயே யாரும் யாருக்கும் எழுதலாமாம். எனக்கு யார் சொன்னார்கள்? அத்தா துபாயில் என்று இவள் ஒரு வீடியோவுக்குக் கீழே எழுதியிருக்கிறாள். உடனே ஒருவன், "நான் உங்க அத்தா ரூம்லதான் இருக்கேன். உனக்கு ஒரு பெட்டி குடுத்திருக்காங்க, லீவுல கொண்டு வர்றேன். அம்மாட்ட சொல்லாத" என்று ரோஸ் காகிதம் சுற்றிய பெட்டியைப் படமெடுத்து அனுப்பிவிட்டான். அப்புறம் இவள் படம் கேட்டான். பள்ளிக்கூட உடுப்பில் ஒன்று அனுப்பினாள். வேறு மாதிரிப் படம் கேட்டதும் மாட்டேன் என்றாள். மிரட்ட ஆரம்பித்தான். பிள்ளை சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத்தான் போனைப் பிடுங்கிப் படித்தேன்.

அந்த ஆப்பிலேயே புகார் செய்யும் இடத்தைத் தேடிப் பிடித்து எழுதினேன். பார்த்துவிட்டோம், எங்கள் விதிகளை மீறவில்லை என்று பதில் வந்தது. மீறவில்லையாமே! என் தம்பி கல்யாண வீடியோவைப் போட்டபோது, பின்னால் ஸ்பீக்கரில் ஓடிய சினிமாப் பாட்டுக்காக நிமிஷத்தில் தூக்கிய கம்பெனி இது. பாட்டுக்காரன் கேஸ் போடுவான் என்று பயம். எங்களைப் பார்த்து என்ன பயம்?

வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். "போனப் புடுங்கி உள்ள வை. வெளியில தெரிஞ்சா மானம் போயிடும்" என்றார்.

"யாரு மானங்க போவும்? தப்பு பண்ணவன் அவன். எம் பொண்ணு ஏன் தலையக் குனியணும்?" என்று கத்தினேன்.

மகள் கதவோரம் நின்றிருந்தாள். "நாந்தானம்மா பதில் எழுதுனேன். என் தப்புதான்" என்றாள்.

எனக்கு வெறியே வந்துவிட்டது. தெருப் பெண்கள் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில், நடந்ததையெல்லாம் என் குரலிலேயே பேசிப் போட்டேன். யார் என்ன நினைத்தால் எனக்கென்ன?

பொழுது சாய்வதற்குள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள், முக்காட்டுக்குள் போனை மறைத்துக்கொண்டு. "எங்க வீட்லயும்தான் லாத்தா. வெளியில சொல்ல பயந்துகிட்டு இருந்தோம்." எல்லா போனிலும் அதே பெட்டி. காகிதம் கிழிந்த ஓரம்கூட அதே.

மகள் ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தாள். "எல்லாருக்கும் இதே பெட்டியாம்மா?"

"ஆமாடி."

"அப்ப என் தப்பு இல்லியா?"

"உங்க யாரு தப்பும் இல்லடி, என் தங்கம்."

கடைசி போனைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, "பசிக்குதும்மா" என்றாள்.

அவள் சாப்பிட்டு முடித்ததும், போன்களை எடுத்துக்கொண்டு எல்லோரும் மன்னார்குடி போலீஸ் ஸ்டேஷனுக்கு பஸ் ஏறினோம். வழியில் என் போனில் ஒரு மெசேஜ் வந்தது. உங்கள் புகாரைக் கவனித்த விதம் திருப்தியா, எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று அந்தக் கம்பெனி கேட்டிருந்தது.